உச்சி வெயிலும் உச்சந்தலையும்

தோல் டாக்டர் பதில்கள்

போன இதழில் முடி கொட்டுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி, "கொட்டியது கொட்டிவிட்டது டாக்டர், இந்த மண்டையை வெயிலிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது, அதைச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்டன. நியாயமான கேள்வி. எனக்கும் அதே மண்டைதான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால், எல்லார் பெயரையும் எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

கட்டட மேஸ்திரி, பெரம்பலூர்: எனக்கு 46 வயது. முன்பக்கமும் உச்சியும் சுத்தமாக வழுக்கை. சித்திரை வந்தால் தலை தீய்கிறது. சாயங்காலம் தண்ணீர் ஊற்றினாலே எரிகிறது. துண்டு கட்டினால் வியர்க்கிறது என்று அவிழ்த்துவிடுகிறேன். மெடிக்கலில் விற்கும் க்ரீம் போட்டால் துண்டு இல்லாமல் சமாளிக்கலாமா?

சமாளிக்க முடியாது மேஸ்திரி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதம் வந்த முக்கால்வாசிக் கேள்விகளுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

வெயிலில் நின்றால் உங்கள் தலைக்கு இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று சூடு. அது உடனே தெரியும். நிழலுக்கு வந்தால் தணியும். இன்னொன்று புற ஊதாக் கதிர். அது பட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றுமே தெரியாது. நாலைந்து மணி நேரம் கழித்துத் தோல் சிவந்தோ கறுத்தோ எரிய ஆரம்பிக்கும். தண்ணீர் ஊற்றினால் எரிகிறது என்றீர்களே, அது இந்த இரண்டாவது ஆசாமியின் வேலை. க்ரீம் அதை மட்டும்தான் குறைக்கும். சூட்டுக்கு க்ரீம் எதுவும் செய்யாது. துணி இரண்டையும் தடுக்கும்.

நம் ஊர் சூரியன் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 18 வாக்கில் திருச்சி, பெரம்பலூர்ப் பக்கம் நடுப்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். கன்னியாகுமரியில் அது ஏப்ரல் 10 வாக்கில், சென்னையில் 24 அல்லது 25இல். அன்றைக்கு நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அப்புறம் ஆகஸ்ட் கடைசிவரை மத்தியானச் சூரியன் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. மூக்குக்கும் கன்னத்துக்கும் வெயில் சாய்வாக விழுகிறது, உச்சந்தலைக்கு நேராக இறங்குகிறது. முடி இருப்பவனுக்கு அது கூரை. நமக்குக் கூரை போய்விட்டது, அவ்வளவுதான். எல்லாரும் மே 4ஆம் தேதி கத்திரி தொடங்கினால்தான் பயப்படுகிறார்கள். புற ஊதாக் கதிரைப் பொறுத்தவரை பங்குனிக் கடைசியிலேயே அது உச்சத்துக்கு வந்துவிடுகிறது.

துண்டைப் பற்றி. புதிதாக வாங்கின மெல்லிய வெள்ளைத் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழைக்கு இழை வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகக் கதிரும் வரும். அதையே இரண்டாக, மூன்றாக மடித்துக் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது. நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்ந்த நிறத் துண்டு இன்னும் நல்லது. பச்சை, அரக்கு, நீலம் எதுவானாலும் சரி. நனைத்துக் கட்டினால் குளுமை உண்மைதான். பெரம்பலூர் மாதிரிக் காய்ந்த காற்றில் அது பிரமாதமாக வேலை செய்யும். நாகப்பட்டினம், சென்னையில் ஈரக்காற்று என்பதால் அவ்வளவு பலன் இல்லை. ஆனால் நனைந்த பருத்தித் துணி காய்ந்ததைவிட அதிகக் கதிரை உள்ளே விடும். ஆகவே நனைத்தால் ஒரு மடிப்பு கூட. காது மேல்நுனியும் பிடரியும் மறைகிற மாதிரி கட்டுங்கள். நம் அப்பன் பாட்டன் கட்டின முண்டாசு இதையெல்லாம் கச்சிதமாகச் செய்தது.

வியர்க்கிறது என்று அவிழ்க்காதீர்கள். இரண்டு துண்டு கொண்டுபோய் மாற்றிக் கட்டுங்கள். சாரத்தின் கீழே நிற்கும்போது தலைக்கவசம் கட்டாயம். அதற்குள் மெல்லிய பருத்தித் துணியை, கவசம் தலையில் ஆடாத அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். கவசமே வெயிலை முழுக்கத் தடுக்கும், துணி வியர்வைக்கு. பிடரிக்கும் காதுக்கும் மட்டும் க்ரீம்.

இன்னொன்று. வேலை நடுவே தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு என்றால் உடனே நிழல், உப்பு சர்க்கரைக் கரைசல். உங்கள் ஆட்களில் யாராவது உளற ஆரம்பித்தாலோ மயங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ, வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருவதற்குள் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

வங்கி ஊழியர், கரூர்: கரூர் வெயிலுக்குப் பயந்து கொடைக்கானல் போனோம். மேகமூட்டம், ஸ்வெட்டர் போடுகிற குளிர். ஊர் திரும்பிய மறுநாள் என் வழுக்கையில் தோல் உரிந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா?

குளிர் இல்லை சார், வெயில்தான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஆக, கரூரில் படுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகவே உங்கள் தலையில் பட்டிருக்கிறது. மெல்லிய மேகம் அதை நிறுத்தாது. கரூரில் சூடு உங்களை வீட்டுக்குள் விரட்டுகிறது. கொடைக்கானலில் விரட்ட ஆளில்லாமல் நாள் முழுக்க ஏரியைச் சுற்றியிருப்பீர்கள். அடுத்த தடவை ஸ்வெட்டரோடு தொப்பியும் எடுத்துப்போங்கள்.

உரிகிற தோலைப் பிய்க்காதீர்கள், தானாக உதிரட்டும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போதும்.

மென்பொருள் பணியாளர், சென்னை: வயது 27. மீதி முடியையும் மழித்துவிட்டேன். சன்ஸ்கிரீன் போட்டால் வண்டியில் போகும்போது வியர்வையோடு கண்ணில் வழிந்து எரிகிறது. வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரிகிறது. எஸ்பிஎஃப் 100 வாங்கினால் சரியாகுமா?

தம்பி, 100க்குச் செலவு செய்யாதீர்கள். எஸ்பிஎஃப் என்பது எரிக்கிற புற ஊதாக் கதிரை க்ரீம் எவ்வளவு தடுக்கும் என்று காட்டுகிற எண். எஸ்பிஎஃப் 30 சரியாகப் பூசினால் எரிக்கிற கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. அதற்கு மேலே நூலிழை வித்தியாசம்தான். கூடவே டப்பாவில் பிஏ+++ என்றோ, யுவிஏ பாதுகாப்பு என்றோ இருக்கிறதா பாருங்கள். யுவிஏ என்பது புற ஊதாக் கதிரில் இன்னொரு வகை. நம் மாதிரித் தோலில் கறுப்புத் திட்டு விழ அது ஒரு முக்கியக் காரணம்.

எல்லாரும் கோட்டை விடுவது அளவில். பட்டாணி அளவு எடுத்துத் தலை முழுக்கத் தேய்த்தால், அட்டையில் போட்ட எண்ணில் கால்வாசிகூடக் கிடைக்காது. முழு மொட்டைக்குக் கால் டீஸ்பூன் வேண்டும். காது, பிடரியும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அந்தக் கணக்கில் தினம் இரண்டு தடவை போட்டால் 50 கிராம் ட்யூப் மூன்று வாரம்கூட வராது. மூன்று மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவே இல்லை என்று அர்த்தம்.

கண் எரிச்சலுக்கு என் வழி: நெற்றியில் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். அதற்கு மேலே ஒரு பட்டை, துத்தநாக ஆக்ஸைடு கலந்த வகையோ குச்சி வடிவில் வருவதோ. அது பெரும்பாலும் கண்ணை எரிக்காது. உச்சிக்கு ஜெல் வகை. வெள்ளைத் திட்டு துத்தநாகத்தாலும் டைட்டானியத்தாலும் வருவது. நிறம் கலந்தது கிடைக்கிறது, அதை வாங்கினால் தெரியாது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால், தலை காய்ந்திருக்கும்போது பூசுங்கள். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி.

ஆனால் நீங்கள் ஹெல்மெட் போட்டுத்தானே வண்டி ஓட்டுகிறீர்கள்? (போடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.) காலையில் வீட்டிலிருந்து அலுவலகம், இரவில் திரும்ப வீடு என்றால் உச்சிக்கு க்ரீமே தேவையில்லை. மத்தியானம் டீக்கடைக்கு நடந்து போகும் அந்த இருபது நிமிடம்தான் உங்கள் வெயில். அதற்கு ஒரு தொப்பி போதும். ஹெல்மெட்டுக்குள் மழித்த தலையில் வேர்க்குருவும் சீழ்க்கொப்புளமும்தான் உங்களுக்கு வரக்கூடிய தொல்லை. உள்ளே பருத்திக் குல்லா ஒன்று போட்டு, தினம் துவைத்துவிடுங்கள். மழித்த அன்றைக்கு, கீறல் இருக்கும் இடத்தில் க்ரீம் வேண்டாம், எரியும்.

இல்லத்தரசி, லால்குடி: குழந்தைக்கு 11 மாதம். சித்திரையில் சமயபுரத்தில் மொட்டை போட வேண்டுதல். சந்தனம் பூசினால் வெயில் படாது என்கிறார் மாமியார். சரியா?

வேண்டுதலைத் தாராளமாக நிறைவேற்றுங்கள் அம்மா. சந்தனம் குளுமைக்கு நல்லது. ஈரமாக இருக்கும்வரை தலையில் சூடு இறங்கும். உலர்ந்து வெடித்துவிட்டால் அதுவும் இல்லை. வெயிலைத் தடுக்கும் என்று அதை நம்ப முடியாது. இத்தனை நாள் முடிக்குள் இருந்த தோல் அது, வெயிலே பார்க்காதது. மொட்டை போட்ட நாலைந்து நாள்தான் சுலபமாக வெந்துபோகும்.

நேரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் முடி இறக்கி, ஒன்பது மணிக்குள் வண்டி ஏறிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்காகக் காத்திருந்து பன்னிரண்டு மணிக்கு வரிசையில் நிற்பதுதான் வினை. புது ப்ளேடை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். சந்தனம் வீட்டுக் கல்லில் இழைத்ததாக இருக்கட்டும். பாக்கெட்டில் வரும் பொடியில் நிறமும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். அதில் தலை முழுக்கத் தடிப்போடு வருகிற குழந்தைகளை ஒவ்வொரு சித்திரையிலும் பார்க்கிறேன். சாயங்காலம் வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

வெளியே போனால், கட்டுகிற நாடா இல்லாத, விளிம்பு வைத்த பருத்தித் தொப்பி. பிடுங்கி எறிந்தால் உங்கள் முந்தானை, ஒரு குடை. ஆறு மாதத்துக்குக் கீழே சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பது விதி. உங்கள் குழந்தைக்கு அவசியமானால் குழந்தைகளுக்கான துத்தநாக வகையைக் காதிலும் பிடரியிலும் மட்டும் கொஞ்சம் தடவலாம், மழித்த கீறல் ஆறிய பிறகு. அடிக்கடி பால், தண்ணீர்.

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: சந்தனம் அவர் பூசட்டும், குடையையும் அவரே பிடிக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி: பித்தம் தெளியும் என்று வழுக்கையில் எலுமிச்சம்பழத்தை அரக்கித் தேய்த்துவிட்டு, மொட்டை மாடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் உச்சியில் கொப்புளம், நெற்றியிலிருந்து கன்னம்வரை கோடு கோடாகக் கறுப்பு. பழத்தில் மருந்து அடித்திருப்பார்களோ?

மருந்து அடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை ஐயா. எலுமிச்சைத் தோலிலேயே ஃபியூரோகூமரின் என்று ஒரு வகைப் பொருள் இருக்கிறது. நிழலில் அது சாது. தோலில் பட்டு மேலே யுவிஏ கதிரும் விழுந்தால் தோலை வேகவைத்துவிடும். அன்றைக்குத் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சிவப்பு, கொப்புளம், அப்புறம் கறுப்பு. சாறு எந்த வழியாக வழிந்ததோ அதே வழியில் கோடு விழும். உங்கள் கன்னத்துக் கோடு அப்படி வந்ததுதான். முடி உள்ள தலையில் இதே வேலையைச் செய்கிறவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். "ஊரே தேய்க்கிறது, எனக்கு மட்டும் ஏன்" என்று நீங்கள் கேட்க இடமிருப்பது அதனால்தான்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அவ்வப்போது வையுங்கள், ஐஸ் வேண்டாம். சீழ் பிடித்தால் பக்கத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கறுப்பு போகச் சில வாரம், சில மாதம்கூட ஆகும். வெளுக்க வைக்கும் க்ரீம் என்று எதையாவது வாங்கித் தேய்த்தால் இன்னும் கறுக்கும். அதுவரை அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் குளியலறைக்குள் தேய்த்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கு வெயிலுக்குப் போகாதீர்கள். நான் என்னவோ பழத்தை ரசத்தில் பிழிவதோடு நிறுத்திக்கொள்வேன்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்போகரிசி என்ற நாட்டுமருந்து விதை. நலங்கு மாவிலும் சில முடி வளரும் எண்ணெய்களிலும் சேர்க்கிறார்கள். அதிலும் இதே குடும்பத்துப் பொருள்தான், இன்னும் வீரியமாக. வெண்புள்ளிக்கு அதை அளவோடு கொடுத்து, இத்தனை நிமிடம் வெயில் என்று எண்ணிக் காட்டச் சொல்வது பழைய வைத்தியம். அளவில்லாமல் வழுக்கையில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தீக்காயம் நிச்சயம். "இயற்கைப் பொருள்தானே" என்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இது.

தேங்காய் எண்ணெய் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். வறட்சிக்கு நல்லது. வெயிலைத் தடுக்கும் சக்தி மிகக் கொஞ்சம்.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: அப்பா விளையாட்டுத் தொப்பியைத் திருப்பிப் போடுவார். நெற்றிக்கு மேலே அரைவட்டமாகக் கறுத்துவிட்டது. எப்படிப் போக்குவது?

அது பின்பக்க வாருக்கு மேலே இருக்கும் ஓட்டை. தொப்பியை நேராகப் போட்டால் நெற்றி தப்பும், ஓட்டை பின்மண்டைக்குப் போகும். ஓட்டையே இல்லாத, சுற்றிலும் மூன்று அங்குல விளிம்பு உள்ள துணித்தொப்பி வாங்கிக் கொடுங்கள். வலைத்துணித் தொப்பி வேண்டாம், அது வடிகட்டிக்கூடக் கொடுக்காது. மூடி வைத்தால் கறுப்பு மெல்லத் தானாக மங்கும்.

பெயர் வேண்டாம், காரைக்குடி: வயது 52. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது. முடி முழுக்கப் போய்விட்டது. விக் வைத்தால் இந்த வெயிலில் தாங்கவில்லை. வைக்காவிட்டால் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது.

அம்மா, விக்கை வீட்டில் வைத்துவிடுங்கள். வேண்டிய விசேஷத்துக்கு மட்டும் போதும்.

உங்கள் தலைத்தோல் இப்போது மெல்லியது. சில கீமோ மருந்துகள் வெயில் கூச்சத்தையும் கூட்டும். உங்களுக்குப் போவது அந்த வகையா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துச் சதுரமாகக் கிழித்து, இரண்டு மடிப்பாக, தையல் எதுவும் தலையில் உறுத்தாமல் கட்டுங்கள். பாலியெஸ்டர், பட்டு வழுக்கும், வியர்க்கும். அதற்கு மேலே முந்தானையைப் போட்டுக்கொண்டால் பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பஸ் போகும் திசையைப் பார்த்து நிழல் பக்கம் உட்காருங்கள். ஜன்னல் கண்ணாடி எரிக்கும் கதிரைத்தான் தடுக்கும், யுவிஏ உள்ளே வரும். காதுக்கும் பிடரிக்கும் வாசனை இல்லாத துத்தநாகக் க்ரீம். தலையில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தால் மட்டும், கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.

கீமோ முடிந்து சில வாரங்களில் பூமுடி எட்டிப் பார்க்கும், இரண்டு மூன்று மாதத்தில் தெரிகிற அளவு வரும். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

விவசாயி, உடுமலைப்பேட்டை: வயது 68. இருபது வருடமாக வழுக்கை. உச்சியில் ஒரு இடம் சொரசொரவென்று இருக்கிறது, உரிந்தால் திரும்ப வருகிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் காட்டாமல் இருக்கவும் வேண்டாம். தடவினால் உப்புத்தாள் போல இருந்து, உரிந்து உரிந்து அதே இடத்தில் வருவது, பல வருட வெயில் பட்ட தோலில் வரக்கூடிய ஒரு மாற்றம். சிலருக்கு அது பின்னால் தோல் புற்றாக மாறலாம். நம் தோலின் நிறம் ஓரளவு காப்பதால் வெள்ளைக்காரர்கள் அளவுக்கு நமக்கு அது வருவதில்லை. வரவே வராது என்றும் இல்லை. ஆரம்பத்தில் காட்டினால் உறையவைத்தோ மருந்து தடவியோ முடித்துவிடலாம். இந்த மாதமே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. ஒரு மாதம் தாண்டியும் ஆறாத புண், தொட்டால் ரத்தம் வருவது, மேடாக வளர்வது, பழைய தீக்காயத் தழும்பில் வரும் புண் ஆகியவை வேறு யாருக்கு இருந்தாலும் இதேதான். காது மடலின் மேல்நுனியையும் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு என்று அதில் இருந்தால் அது வெயில் கூச்சத்தைக் கூட்டும் மருந்து. நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். (டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, அதைச் சாப்பிடும் நாட்களில் மூடிக்கொண்டு போனால் போதும்.)

தோட்டத்தில் ஓய்வெடுக்கத் தென்னை நிழலை நம்பாதீர்கள், பாதி வானம் தெரியும். வழுக்கைத் தலையன் வெயில் பொறுக்காமல் பனைமரத்தடிக்கு ஓடினான், பழம் மண்டையில் விழுந்தது என்று ஒரு பழைய கதை சொல்வார்கள். அவன் புங்கமரத்தடிக்குப் போயிருக்கலாம். புளி, புங்கை, வேம்பு மாதிரி அடர்ந்த மரமாகப் பாருங்கள்.

தபால்காரர், மன்னார்குடி: எந்த நேரம்வரை வெறும் தலையோடு போகலாம்?

உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் பெரிய பயமில்லை. குட்டையாகிவிட்டால் தலையை மூடுங்கள். போனில் வானிலை பார்க்கிறவர் என்றால், புற ஊதாக் கதிரின் அளவைக் காட்டும் யுவி எண் 3ஐத் தொட்டதும் மூடலாம். ஏப்ரல், மே மத்தியானத்தில் நம் ஊரில் அது 11ஐத் தாண்டுவது சாதாரணம்.

பெயர் வேண்டாம், திருச்சி: டாக்டர், உங்கள் தலைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

குடை. பெரிய கறுப்புக் குடை. நல்ல கறுப்புத்துணிக் குடை புற ஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும், தலையோடு தோளுக்கும் காதுக்கும் சேர்த்து. தலையில் எதுவும் படாததால் காற்றும் போகும். காசு ஒரு தடவைதான். ஆண்பிள்ளை வெயிலுக்குக் குடை பிடிப்பதா என்று தில்லைநகரில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் என் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். காதுக்கும் பிடரிக்கும் காலையில் க்ரீம், ஏனென்றால் தரையிலிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் எகிறி வரும். கடற்கரை மணலில் அது இன்னும் கூடுதல். காற்று பலமாக அடிக்கிற ஆடி மாதத்தில் குடை நிற்காது. அப்போது துணித்தொப்பி.

குடையை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வருவதற்குத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.